பத்து மீட்டர் மேடை

"கேடட்! மேலே போய் ஏழு நிமிஷம் ஆச்சு. அங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா?"

கீழேயிருந்து இடி முழங்கியது. 'இடி' என்பது பயிற்சியாளருக்கு மாணவர்கள் ரகசியமாக வைத்த பெயர். அவர் அதட்டினால் நீச்சல் குளத்துத் தண்ணீர்கூட அசையாமல் நிற்கும் என்பார்கள்.

பத்து மீட்டர் மேடையில், நுனிக்கு மூன்றடி முன்னால் நின்றிருந்தாள் ஒட்டகம். ஆறடிக்கு இரண்டு விரற்கடைதான் குறைவு, அதனால் அந்தப் பெயர். அந்த ராணுவக் கல்லூரியில் ஓட்டமா, அவள்தான் முதல். குறி பார்த்துச் சுடுவதா, அதிலும் அவள்தான். இவ்வளவு வளர்ந்தவளுக்கு உயரம் என்றால் பயம் என்று யார் கண்டது?

சீருடை, பூட்ஸ், கையில் மரத் துப்பாக்கி. அப்படியே குதித்து நீந்திக் கரையேற வேண்டும். இதற்கு முன் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் ஏணி வழியாகவே இறங்கிவிட்டாள். இன்று கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் சாயங்காலமே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

ஊரில் அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார். "என் பொண்ணு ஆபீசர் ஆகப் போறா" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். டிக்கெட் வாங்காமல் இறங்கியவர்கள்கூட உண்டு, அதைக் கேட்காமல் இறங்கியவர்கள் கிடையாது. அந்தக் கதை கல்லூரி முழுக்கப் பிரசித்தம்.

"குதிடி ஒட்டகம்! ஒண்ணும் ஆகாது, குதி!"

கீழே தோழிகள் கத்தினார்கள். மனசு குதித்துவிட்டது. கால்தான் கேட்கவில்லை.

திடீரென்று ஏணி தடதடத்தது.

"ஐயையோ, இடி ஏறுது!" என்றாள் கீழே ஒருத்தி.

ஒட்டகத்துக்கு உயிரே போய்விட்டது. மற்ற பயிற்சியாளர்கள் எல்லாரும் விசிலோடு கீழேயே நிற்பார்கள். இவர் எதற்கு மேலே வருகிறார்? பிடித்துத் தள்ளவா?

"சார், நான் வந்து..."

"திரும்பாதே! பின்னால பாத்தே, தொலைச்சுடுவேன்! எதிர்ல என்ன தெரியுது?"

"சுவர்... கடிகாரம் சார்."

"மணி என்ன?"

"பத்தேகால் சார்."

"தண்ணியைப் பாக்காதே. கடிகாரத்தையே பாரு. ஒரு அடி வை."

வைத்தாள்.

"இன்னொண்ணு."

"கால் நடுங்குது சார்."

"நடுங்கட்டும்! நடுங்கிக்கிட்டே நடக்கலாம். வை!"

அதையும் வைத்தாள். பூட்ஸின் முனை விளிம்பைத் தொட்டது. அதற்குமேல் ஒரு அங்குலம்கூட முடியவில்லை.

"சார், என்னால முடியாது. சத்தியமா முடியாது."

"முடியாதா? சரி, இறங்கு. உங்கப்பா பஸ்லயே ஏறி வீட்டுக்குப் போ. பஸ்ஸே கேக்கும், 'என்ன ஆபீசரம்மா, திரும்பி வந்துட்டீங்க'ன்னு. பதிலை யோசிச்சு வெச்சுக்கோ."

சுருக்கென்று தைத்தது. தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அப்பாவை எதற்கு இழுக்கிறார்? பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டுதான்! ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது.

"போறேன் சார்! ஆனா ஏணி வழியா இல்ல!"

குதித்தாள்.

காற்று காதில் கூவியது. தடால்! உலகமே ஒரு கணம் பச்சைத் தண்ணீராக இருந்தது. பிறகு தலை வெளியே வந்தது, துப்பாக்கி வந்தது, அதற்கும் பின்னால் ஒரு பெரிய கூச்சல் வந்தது. அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"குதிச்சிட்டேன்! ஏய், நான் குதிச்சிட்டேன்!"

கரையில் ஒரே ஆர்ப்பாட்டம். இரண்டு பேர் கட்டிப்பிடித்துத் தாங்களும் நனைந்தார்கள். ஒருத்தி அவள் கரையில் வைத்துவிட்டுப் போன தொப்பியை எடுத்து வானத்தில் வீசினாள்.

குளத்துக் காவலர் துண்டை நீட்டினார். இருபது வருஷமாக அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்.

"சபாஷ்மா!"

"இன்னொரு தடவைகூட குதிப்பேண்ணே, இப்பவே!" என்று சிரித்தவளின் முகம் சட்டென்று மாறியது. "ஆனா அந்த மனுஷனை மட்டும் மன்னிக்க மாட்டேன். மெனக்கெட்டு மேல ஏறி வந்து எங்கப்பாவைக் கேலி பண்றாரு. பயம்னா என்னன்னு அவருக்குத் தெரியுமா?"

காவலர் மேடையைக் காட்டினார். "கொஞ்சம் மேல பாரும்மா."

பார்த்தாள்.

இடி மேடையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. இரண்டு கைகளும் பக்கக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தன. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இன்னொரு பயிற்சியாளர் ஏணியில் பாதி ஏறி, "கண்ணைத் திறக்காதீங்க சார், வலது காலை மட்டும் நீட்டுங்க" என்று பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்.

"மலைப் பயிற்சியில கயிறு அறுந்து விழுந்தவர்மா. அதுலேருந்து ஸ்டூல்ல ஏறினாலே கிறுகிறுன்னு வரும். இப்ப இறக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகும். கடைசி வாய்ப்புன்னு யாராவது மேல நின்னா, வருஷா வருஷம் இதே கூத்துதான்."

ஒட்டகத்தின் கையிலிருந்து துண்டு நழுவியது.

"அப்புறம் ஏண்ணே ஏறுறாரு?"

"உயரம்னா அவருக்குப் பயம்தான். ஆனா உங்கள்ல ஒருத்தர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போறதைப் பாக்கறதுன்னா, அதைவிடப் பயம்மா."