அணைந்த வால்வு

அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் தங்கை. அவளுக்கு ஒரு பக்கம் கண்ணாடிக் குழல்கள் சூடேறி ஒலியைப் பெருக்கும் அவருடைய முப்பது வருஷத்து வால்வு ஆம்ப், மறுபக்கம் அதே குரலை அச்சு அசலாகக் காட்டும் டிஜிட்டல் பெட்டி. "எது எதுன்னு சொல்ல முடியலேன்னா இனிமே கிட்டாரையே தொடமாட்டேன்" என்று அண்ணனின் சபதம் வேறு. முதலில் ஒலிப்பது பெட்டி. "டிஜிட்டல். உயிரே இல்ல" என்கிறார், சரியாக. "மாத்து பாப்பா." பெட்டியிலிருந்து ஆம்ப்புக்கு மாற்றும் ஸ்விட்சை அவள் தொடும்போதே ஆம்ப்புக்குள் கண்ணாடிக் குழல்களின் செம்மை இரண்டு தரம் துடித்து அணைகிறது. ஸ்விட்சைத் தள்ளாமல் விரல் அப்படியே நிற்கிறது. மாற்றிவிட்டாள் என்று நினைத்து அவர் மீட்டுகிறார், கண்களை மூடுகிறார், முகமெல்லாம் பூரிப்பு. "கேட்டியா பாப்பா? இதுதான் வால்வு. அந்தக் கதகதப்பு எந்தப் பெட்டிக்கு வரும்?" இருண்ட ஆம்ப்பின் மேல் கை வைக்கிறாள், ஆறிக்கொண்டிருக்கிறது. "இதையே விடு, மாத்தாதே" என்கிறார்.