ஒரு வரி கீழே

வளைகுடா நாட்டு நகரமான ஃபர்வானியாவின் புத்தகக் கிடங்கில் டியூப்லைட் நடுங்குகிறது; ஏசி இரைகிறது, குளிரவில்லை. அரபு நாவல் ஒன்றின் எல்லாப் பிரதிகளிலும், தணிக்கைக்காரர்கள் தடைசெய்த ஒற்றை வரியைச் சோலையப்பன் கறுப்பு மார்க்கரால் அழிக்கிறான். அவனுக்கு அரபி வாசிக்கத் தெரியாது. பக்கத்தின் மேல் வைக்க, நீளமாகத் துளையிட்ட அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். துளையில் அந்த வரி மட்டும் தெரிகிறது. வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. "யல்லா, ஜல்தி!" என்று மேற்பார்வையாளர் கத்துகிறார். சாயங்காலம் புத்தகக் கண்காட்சி திறந்துவிடும். பெட்டி எடுக்க வந்த யாழ்ப்பாணத்து டிரைவர் பிரவீணன், அரபி வீட்டில் வேலை பார்த்துப் பழகியவன், குனிந்து எழுத்துக் கூட்டுகிறான். "அண்ணை, இது ஒரு வேலைக்காரன் சொல்லுறது. என்ர பாஸ்போர்ட் என்னை வேலைக்கு எடுத்த கஃபீலின்ர அலுமாரியில கிடக்கு, அம்மா செத்ததுக்கும் போகேலாமப் போச்சு எண்டு." மார்க்கர் அந்தரத்தில் நிற்கிறது. நுனியில் மை திரள்கிறது. "நம்ம கதையவா எழுதிருக்கான்? அதுவும் அரபிக்காரனா?" "ஓம்." "அடுத்த வரி என்ன?" "கடற்கரையில நல்ல காத்தாம்." மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. சோலையப்பன் அட்டையை ஒரு வரி கீழே நகர்த்துகிறான். கடற்காற்றின் மேல் மை பரவுகிறது.