சூடாகாத எஞ்சின்

“எஞ்சின் சூடாகிட்டுது அக்கா. கொஞ்ச நேரம் ஆறவிட வேணும்.”

சுற்றுலாக் கூட்டிவந்த நிருஷன், முன்னால் ஓடிய தன் நாலு சில்லுக் குவாட் பைக்கை நடு மணலில் நிப்பாட்டிவிட்டு இறங்கினான். சுற்றிவரப் பனை. வேறு ஒரு குடிமனை இல்லை. ஒரேயொரு கிடுகுக் கொட்டில் மட்டும், அதுவும் சொல்லிவைத்ததுபோல அவன் நிப்பாட்டின இடத்துக்கு நேரே.

பின்னால் மற்றப் பைக்கை ஓட்டிவந்த சிவரூபிக்கு இது போதும். அவள் ஆர்? வவுனியாவில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்துகிறவள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லுகிறவள். அவளிடமே எஞ்சின் கதையா? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறான்!

இறங்கிப்போய் அவனுடைய எஞ்சினுக்குக் கிட்டக் கையை நீட்டிச் சூடு பார்த்தாள். குனிந்து மணந்தும் பார்த்தாள்.

“தம்பி, சூடேறினால் சுத்திற ஃபான் கூட இதில இன்னும் சுத்தத் தொடங்கேல்லை. உதுதானோ உங்கட சூடு?”

“இல்லை அக்கா... மணலுக்கை ஓடினால் அப்பிடித்தான்...” நிருஷன் தலையைச் சொறிந்தான்.

“இஞ்சேர், விடும். ஊர் பாக்க வந்த இடத்திலயும் உமக்கு எஞ்சினே?” பின் சீற்றில் இருந்து புருசன் சுமன் கெஞ்சினான்.

“நீங்கள் சும்மா இருங்கோப்பா.”

கொட்டிலுக்குள் இருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பேச்சியம்மா. மலையகத்தில் இருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறின குடும்பத்து மனுசி.

“வண்டி இன்னைக்கும் நின்னுபோச்சா தம்பி? வாங்க வாங்க, எல்லாரும் உக்காருங்க. தண்ணி கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

தண்ணியும் கொதிக்குதாம்! சிவரூபிக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இவன் நிப்பாட்ட, அவள் விற்க. நல்ல கூட்டு.

தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் வந்தன. பணியாரம் நல்ல ருசி. அதுவே அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது. சுமன் வெட்கமில்லாமல் பேச்சியம்மாவோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தான்.

சிவரூபி போனை எடுத்து முகநூலில் எழுதத் தொடங்கினாள். ‘இந்தப் பக்கம் ஒருத்தரும் வராதேங்கோ. வண்டி பழுதெண்டு பொய் சொல்லி...’

நிருஷன் அதைக் கண்டுவிட்டான். “அக்கா, ஒருக்கா இப்பிடி வாங்கோ.”

பனைக்குப் பின்னால் போனதும் அவள் நேரே கேட்டாள். “அவா உங்களுக்கு எவ்வளவு கமிசன் தாறா?”

“அம்மாளாணை ஒண்டுமில்லை அக்கா. போன வருசம் ஒருநாள் உண்மையாவே எஞ்சின் சூடாகி இதில நிண்டிட்டுது. வந்த பொடியள் எனக்கு அடிக்க வந்திட்டினம். இவாதான் ஓடிவந்து தேத்தண்ணி குடுத்து அவையளை ஆறப்பண்ணினவா. நான் காசு நீட்டினன், தொடமாட்டன் எண்டிட்டா. புருசன் இல்லை. ஒரே மகள், அவளும் கலியாணம் முடிச்சுப் போயிட்டாள். சும்மா குடுத்தால் வாங்கமாட்டா, வாற ஆக்கள் திண்டிட்டுத் தாறதை மட்டும் மறுக்கமாட்டா. அதுதான் வாற ஆக்களை இதில இறக்கிறன். பொய்தான் அக்கா. ஆனா நீங்கள் உதைப் போட்டியள் எண்டால் என்ரை தொழில் அதோட முடிஞ்சுது.”

சிவரூபிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுதினதை அழித்தாள்.

“சரி சரி. எஞ்சின் வடிவா ஆறட்டும்” என்றாள்.

திரும்பி வந்து, வீட்டுக்கும் கொஞ்சப் பணியாரம் கட்டித்தரச் சொன்னாள். பேச்சியம்மா கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“தங்கச்சி, நீங்க வண்டி திருத்துறவங்களாமே, உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அந்தத் தம்பி வண்டியக் கொஞ்சம் பாருங்களேன். தெனமும் இந்த எடத்துலதான் நிக்குது. பாவம், நல்ல புள்ள. வர்றவங்க கோவத்துல கைய நீட்டிருவாங்களேன்னுதான் நான் காலையிலேயே பணியாரம் சுட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வயிறு நெறஞ்ச மனுசனுக்குக் கோவம் வராது பாருங்க.”

“அப்ப நீங்கள் யாவாரத்துக்காக இல்லையா?”

“எனக்கு எதுக்குங்க யாவாரம்? சோத்துக்குக் கொறவில்லாம மருமகன் பாத்துக்கிறாரு. வவுனியாவுல மகளுக்குத் தலப்பிரசவம், இந்த வாரந்தானாம். ‘பயமா இருக்கும்மா, வந்துரு’ன்னு போனுல அழுவுறா. பெத்த மனசு கெடந்து துடிக்குது. ஆனா நான் போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? அந்த வண்டிய மட்டும் திருத்திட்டீங்கன்னா இன்னைக்கே பஸ் ஏறிருவேன்.”

வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்த நிருஷன் வாசலிலேயே நின்றுவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

“அம்மா, அது நான்...” என்று வாயெடுத்தான்.

சிவரூபி அவன் காலை நல்லாக மிதித்தாள். இவனைத் தான் பார்த்துக்கொள்வதாக ஒரு வருசமாக நினைத்திருக்கிற மனுசிக்கு, தன்னைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இப்ப ஏன் தெரியவேணும்?

“தம்பி, ஸ்பானரை எடும்.”

நேரே பைக்கடிக்குப் போனாள். சீற்றைக் கழற்றினாள். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த திருகாணி ஒன்றை முக்கி முனகி இன்னும் இறுக்கினாள். சீற்றைப் பூட்டிக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கராஜ் திறந்த நாளில் இருந்து வாடிக்கைக்காரர் ஒருவருக்கும் சொல்லாத பொய்யை, கொட்டில் வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“பிழையைக் கண்டுபிடிச்சிட்டன் அம்மா! வயர் ஒண்டு கழண்டு கிடந்திருக்கு. இனி ஒருநாளும் நிக்காது. அடுப்பை நூத்துப்போட்டு உடுப்புகளை எடுங்கோ, நாங்களும் வவுனியாவுக்குத்தான் போறம்.”