சுவரில் நெளிந்த புழுக்கள்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் தம்பி வாங்கிய புது வீட்டுக்குள் நுழைந்ததும் இராசமலர் பட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உவ்வே! என்ன சுகந்தினி, சுவர் முழுக்கப் புழு நெளியுது?"

"புழு இல்லை மச்சாள், சுவரிலை ஒட்டுற கடதாசி." தம்பி மனைவி சுகந்தினியின் முகம் வாடியது. "இங்கிலாந்திலை விக்டோரியா ராணி காலத்து டிசைன். எங்கட பக்கத்துத் துணியளைப் பாத்துத்தான் கீறினவையாம்."

"எங்கட பக்கத்திலை ஆர் இந்த அருவருப்பைத் துணியிலை போடுறது? கொழுத்த அட்டையள் ஒண்டை ஒண்டு தின்னுற மாதிரிக் கிடக்கு. பச்சையும் பாசி பிடிச்ச கிணறு போலை. எனக்குச் சத்தி வருது!"

புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. சுகந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே உரிச்சுப்போடுறன், மச்சாள்."

"உரி. இதைப் பாத்துக்கொண்டு மனிசர் சோறு தின்ன ஏலுமே?"

"உரிக்க முதல் ஒரு படம் எடுப்பம்" என்று சுகந்தினியின் மகள் தர்மிகா கைபேசியைத் தூக்கினாள். "மாமி, சுவரோடை ஒட்டி நில்லுங்கோ."

முகத்தைச் சுளித்தபடியே இராசமலர் போய் நின்றார். எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தவர் திடுக்கிட்டார். பச்சைச் சுவரில் அவருடைய தலையும் இரண்டு கைகளும் மட்டும் தொங்கின.

"என்னடி இது? என்ர உடம்பைக் காணேல்லை!"

தர்மிகா படத்தைப் பெரிதாக்கினாள்.

"உடம்பு இருக்குது மாமி. நீங்கள் கட்டியிருக்கிற காஞ்சிபுரத்திலை முழுக்க இதே பச்சை, இதே மாங்காய். முகத்தைத் தவிர மிச்சமெல்லாம் புழு."