ஞானமுத்து வாத்தியாரின் கால்

மெடிக்கல் கடைக்காரர் எடுத்து வைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேதி பார்ப்பதற்காகத் திருப்பிய சுகன்யா மேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடியில் மார்க்கர் பேனாவால் ‘அப்பாவுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்தேதான். போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்த அதே பாட்டில்.

"இது எப்படிங்க உங்க கடைக்கு வந்துச்சு?"

"உங்க தம்பி வூட்டம்மாதான் குடுத்தாங்க டீச்சர். வாராவாரம் குடுப்பாங்க" என்றார் கடைக்காரர் குருமூர்த்தி, ரொம்ப சாதாரணமாக.

சுகன்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ஞானமுத்து, ரிட்டயர்டு வாத்தியார். டிவிஎஸ்ஸிலிருந்து விழுந்து கால் முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மாதக்கணக்கில் கட்டிலே கதியென்று கிடக்கிறார். வரதராசன்பேட்டையே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. சர்ச் சாமியார் வீடு தேடி வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போகிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வாயில் போக வேண்டியதை வழித்து விற்றுவிட்டாளே இந்தக் கிறிஸ்டி.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கிறிஸ்டி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா ஹார்லிக்ஸை வித்துத் தின்னுறியாடி?"

"திங்கல அண்ணி. டயப்பர் வாங்கினேன். பெரியவங்களுக்குப் போடுறது."

சுகன்யா ஒரு நிமிஷம் தடுமாறினாள். ஒரு நிமிஷம்தான்.

"அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குதுல்ல? பென்ஷன்ல மாசாமாசம் புடிக்கிறாங்கல்ல?"

"ஆபீஸுக்கே போய்க் கேட்டுட்டேன் அண்ணி. காலுக்குள்ள வெச்ச தகடு, ஆணி எல்லாத்துக்கும் குடுப்பாங்களாம். டயப்பருக்குக் கெடையாதாம். பார்க்க வர்றவங்க எல்லாரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும்தான் கொண்டாராங்க. டயப்பர் பாக்கெட்டோட வந்து நோயாளியைப் பார்த்தவங்க இந்த ஊர்ல யாராச்சும் உண்டா? அதான் கடையில குடுத்து மாத்திக்கிறேன்."

நியாயம்தான். ஆனால் நியாயமாகப் பேசிவிட்டால் உடனே மார்க் போட்டுவிட சுகன்யா என்ன நேற்று வேலைக்குச் சேர்ந்த டீச்சரா?

"வாங்கினா போதுமா? நேரத்துக்கு மாத்துறியா? புண்ணு வந்துட்டா என்ன பண்ணுவ? எடு, இன்னிக்கு நானே மாத்திவிடறேன்."

கிறிஸ்டியின் முகம் வெளிறிவிட்டது. "வேணாம் அண்ணி. மாமா ரொம்பக் கூச்சப்படுவாரு."

"பெத்த பொண்ணுகிட்ட என்ன கூச்சம்?"

பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு ரூமுக்குள் போனாள். "அப்பா, கைலியை அவுருங்க."

ஞானமுத்து வாத்தியார் துள்ளி எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடி, கைலியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். பேருக்குக்கூட ஒரு நொண்டல் இல்லை.

சுகன்யா டயப்பரும் கையுமாக வாயைப் பிளந்தாள். "கால்?"

"கத்தாத. அது எப்பவோ சரியாயிடுச்சு."

"அப்ப டயப்பர் யாருக்கு?"

"பூசைக்குப் போயிருக்காளே, உங்கம்மா. அவளுக்கு."

பின்னாலேயே ஓடிவந்த கிறிஸ்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளுக்கு நிக்க மாட்டேங்குதும்மா" என்றார் வாத்தியார். "தும்முனா போயிடுது, இருமினா போயிடுது. ஒரு நாள் கோயில்ல முட்டி போட்டு எந்திரிக்கிறப்ப சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. அன்னிக்கோட கோயிலுக்குப் போறதையே விட்டுட்டா. டயப்பர் வாங்கலாம்னா, போயும் போயும் மூத்திரத்துக்கு இம்மாஞ் செலவான்னு அழுவுறா. பென்ஷன் பணமும் அவ கையில. நல்லவேளையா எனக்குக் கால் உடைஞ்சுது."

"நல்லவேளையா?"

"கால் சரியாகிற வரைக்கும் இன்சூரன்ஸ்ல எனக்கு டயப்பர் இனாமா குடுக்குறாங்க, மீந்து கெடக்குது, நீ போட்டுக்கன்னு சொன்னோம். இனாம்னதும் போட்டுக்கிட்டா. இப்ப முத பெஞ்சுல உக்காந்து ஊருக்கே ஜெபமாலை சொல்லிக் குடுக்குறா. நான் எந்திரிச்சு நடந்தா, அவ மறுபடி வூட்டோட முடங்கிடுவா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா?"

"சொன்னா நீயே வாங்கியாருவ. ‘அம்மாவுக்கு மட்டும்’னு எழுதியும் கொண்டாருவ."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வாத்தியார் ஒரே தாவலில் கட்டிலில் விழுந்து முனக ஆரம்பித்தார். பழகிப்போன முனகல், ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மா மதலேனம்மாள் முக்காடு விலகாமல் உள்ளே வந்தாள். புருஷனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மகள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட மூச்சு விட்டுடாத."

"சொல்லும்மா."

"எனக்கும் இப்ப அந்த டயப்பர்தான்டி. இன்சூரன்ஸ்ல அவருக்கு வர்றதுல மீந்தது." சுகன்யா அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் தலையை ஆட்டினாள். அம்மா அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "அவர் கால் குணமாகணும்னு ஊரே பூசை வெக்கிது. நான் ஒருத்திதான் மாதா முன்னாடி முட்டி போட்டு, இப்பத்திக்கு வேணாம் தாயே, இன்னும் கொஞ்ச நாள் படுத்துக் கெடக்கட்டும்னு வேண்டிக்கிட்டு வரேன். கட்டின புருஷனுக்குப் போய் இப்படி வேண்டுறது பெரிய பாவம்லடி?"

பிள்ளைகள் ஒரு பொய் சொன்னாலே பெஞ்சு மேல் ஏற்றும் சுகன்யா டீச்சர், அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாதா கேட்டுட்டாங்கம்மா. அப்பா கால் குணமாக இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாராம்."