மூணு தண்ணி விட்டு

தம்பி வீட்டு மாடிப்படி பாதி ஏறும்போதே மகளுக்கு வாசனை பிடிபட்டுவிட்டது.

பேக்கன்!

அவள் கறிக்கடைக்காரரின் மகள். கடையின் பின்பக்கம், பன்றிக்கறியை உப்பில் ஊறவைத்துப் புகைபோட்டு பேக்கன் ஆக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அவள் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. "உப்பு, கொழுப்பு ரெண்டும் கூடாது. பேக்கன் இருக்கிற பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியவள் தம்பி மனைவிதான்.

மகள் தோள்பையைக்கூட இறக்காமல் நேராகச் சமையலறைக்குள் போனாள்.

அடுப்பில் மூடி போட்ட இரும்புச் சட்டி. மூடியின் ஓரத்தில் புகை. அலமாரியில் ஒரு பாட்டில், அதில் தம்பி மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில் 'பேக்கன் தூள்'.

"என்னம்மா நடக்குது இங்க?"

தம்பி மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். "வாங்க அண்ணி. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா..."

"பண்ணியிருந்தா ஜன்னலைத் திறந்துவெச்சு வாசனையை விரட்டியிருப்பே!"

முன்னறையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "மருமகளே! ஆச்சா? பசி காதை அடைக்குது!"

"இதோ ஆச்சு மாமா!"

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாரா வாரம் நடக்குதா இந்த விருந்து? அவரை ஒரேயடியா அனுப்பிவெச்சுட்டா வேலை மிச்சம்னு பார்க்கிறியா? அவர் துணிமணியை எடுத்து வை. இப்பவே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

தம்பி மனைவி சமையலறைக் கதவைச் சாத்தினாள். சட்டியின் மூடியைத் தூக்கினாள்.

கம்பி வலைமேல் செந்நிறப் பட்டைகள். ஓரம் மட்டும் கருகி, நடுவில் தொளதொளவென்று இருந்தன. மகள் ஒன்றை எடுத்துப் பிய்த்தாள். உள்ளே வெள்ளையாக நார் தெரிந்தது. கடித்துப் பார்த்தாள்.

"என்னது இது?"

"காளான், அண்ணி. மெதுவாப் பேசுங்க."

மகள் கையிலிருந்த பட்டையை மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் மாமா சாப்பாட்டையே விட்டுட்டார். போட்டது போட்டபடி தட்டு திரும்பி வரும். எலும்பும் தோலுமா ஆயிட்டார். ஒரே ஒரு நாள் பேக்கன் குடும்மான்னு குழந்தை மாதிரி கேட்டார். எனக்குத் தாங்கலை. எப்படிச் செய்யறதுன்னு அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கிட்டேன். கறிக்குப் பதிலா காளான். அவ்வளவுதான்."

"அந்தத் தூள்?"

"புகையில வாட்டின மிளகாய், பூண்டு, வெங்காயம், கொஞ்சம் சர்க்கரை. ஒரு கல் உப்பு கிடையாது. முட்டையோட வெள்ளைக்கரு மேல தூவினா, இப்பல்லாம் தட்டைத் துடைச்சு வெச்சுடறார்."

"நாப்பது வருஷம் கறி வெட்டினவரையா ஏமாத்தறே?"

"மருந்துல நாக்கு மரத்துப்போச்சு போல, கண்டுபிடிக்கலை. ஆனா மொறுமொறுன்னு வரலைன்னு வாரா வாரம் குறை மட்டும் சொல்றார். நானும் அவர் எழுதச் சொன்னபடிதான் செய்யறேன். மூணு தண்ணி விட்டு அலசி, அரை மணி நேரம் ஊறவெச்சு..."

தொட்டியில் அடுத்த தவணைக் காளான்கள் தண்ணீர் குடித்து உப்பிக் கிடந்தன. அவள் விரல்களில் இரண்டு சூட்டுக் கொப்புளங்கள்.

சண்டைக்கு வந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. "என்னை மன்னிச்சுடும்மா" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு அண்ணி? மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மறுபடி தட்டைத் தொட மாட்டார்."

தட்டை மகளே எடுத்துக்கொண்டு போனாள்.

ஜன்னலோர நாற்காலியில் பெரியவர். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஒரு பட்டையை வாயில் போட்டுக்கொண்டு, சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினார்.

"பலே! அசல் பேக்கன்!"

பிறகு, கதவைச் சாத்தும்படி மகளுக்குக் கைகாட்டினார்.

"அவகிட்ட கத்தினியா?"

"ஆமாப்பா. தப்புதான்."

"துணிமணியை எடுத்து வைன்னு காதுல விழுந்துது. நான் எங்கயும் வர மாட்டேன்."

"சரிப்பா, இங்கயே இருங்க. பேக்கன் நல்லா இருக்கா?" முகத்தில் எதையும் காட்டாமல்தான் கேட்டாள்.

பெரியவர் அவளையே பார்த்தார்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? உன் கத்தல் சட்டுனு நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு, சட்டியைத் திறந்து காட்டிட்டாள்னு."

"அப்பா... உங்களுக்கு..."

"பன்னிக்கும் காளானுக்கும் வித்தியாசம் தெரியாமலா நாப்பது வருஷம் கடை நடத்தினேன்? முதல் வாரமே தெரியும். கையைச் சுட்டுக்கிட்டுக் கொண்டுவந்து வெச்சுட்டு, நான் என்ன சொல்லப்போறேன்னு மூஞ்சியையே பார்த்துட்டு நின்னா பாரு, அதுக்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

இன்னொரு பட்டையைத் தூக்கிப் பிடித்தார். அது நனைந்த துணி மாதிரித் தொங்கியது. குரலை இன்னும் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. கறியைத்தான் மூணு தண்ணி விட்டு அலசணும். காளானை ஈரத்துணியால துடைச்சாலே போதும். எங்கயோ படிச்சேன்னு நீ அவகிட்ட மெதுவா சொல்லிடேன். மூணு மாசமா சவசவன்னு தின்னுட்டிருக்கேன்!"