நெருப்பு விட்டுவைத்தது

மின்சுடலையின் தகரத் தட்டில் காலை வெயில் விழுகிறது. மெர்போக் ஆற்றில் கரைப்பதற்காக, மனைவி காஞ்சனாவின் எலும்புகளைப் பொறுக்கி மண் கலயத்தில் போட்டுக்கொண்டிருக்கும் புவனேசனின் விரல்கள் நிற்கின்றன. பால் தெளித்த சாம்பலுக்குள் தலைமுடி போல மெல்லிய வெள்ளைச் சுருள் ஒன்று கறுக்காமல், உருகாமல் மினுங்குகிறது.

"பிளாட்டினம்பா. அம்மாவுக்கு மூளையில ரத்தக்குழாய் வீங்குனப்ப டாக்டர் உள்ள வெச்சது," என்கிறாள் மகள் ஷாமளா. "நெருப்பு, ரத்தம் எதுவும் அத ஒண்ணும் செய்யாது. ஞாபகமா எடுத்து வெச்சுக்கலாம் லா."

ஏழு வருஷம் காஞ்சனாவின் உயிரைத் தாங்கிய சுருள், உள்ளங்கையில் கனமே தெரியாமல் கிடக்கிறது. நேற்று தோட்டைக் கழற்றியபின் வெறுமையாய்க் கிடந்த அவள் காதுகளை நினைத்தபடி, புவனேசன் அதைக் கலயத்தில் இடுகிறார்.

"நேத்தே எல்லாத்தையும் கழட்டிட்டோம். இதையாச்சும் அவ போட்டுக்கிட்டுப் போவட்டும்."